மஞ்சள் காப்பும் ஒற்றைப் படலமும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, வெக்கையான கச்சான் காற்று தொடங்கின வைகாசி மாதத்தில், கம்பஸில் என் வேலை மாறியது. அதுவரைக்கும் பௌதிகவியல் பகுதியில் மேசைகளைத் துடைப்பேன், கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைப்பேன், தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். புதிய வேலை அப்படியில்லை. ஓர் இருட்டறையில் கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

அந்த அறையில் லேசர் விளக்கு எரியும். லேசர் எரிகிற அறையில் ஒருவர் தனியே நின்று வேலை செய்யக்கூடாது, இன்னொருவரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆராய்ச்சி செய்கிற மாணவி ஒருத்திதான் அங்கே வேலை செய்தாள். அவளுக்குப் படிப்பிக்கிற சேர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“உங்களைத்தான் போடப்போறன். நீங்க மூச்சு விடுறதே ஆருக்கும் கேக்காது. அந்த மெசினுக்கு அப்பிடி ஒரு ஆள்தான் வேணும்.”

அவர் பகிடியாகச் சொன்னாலும் அது உண்மை. கடைக்குப் போனால் மற்ற ஆட்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போகும்வரை ஒதுங்கி நின்றுதான் சாமான் கேட்பேன். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த நேரத்து யுத்தப் பிரச்சினையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து இருந்தார்கள். அவர்கள் போனபோது நான் வயல் வட்டைக்குள் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தேன். படித்த ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். பெண்பிள்ளைகள் என்றால் இன்னும் கூச்சம்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள்.

“இருட்டறைக்குள்ள ஒரு குமர்ப்புள்ளையோட நீங்க. எங்கட சித்தாண்டிச் சந்தியில இதை ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க.”

“சேர் சொன்னவர். நான் என்ன செய்யிற?”

“ஒண்டும் செய்ய வேணாம். அதுதானே உங்கட வேலை.”

அடுத்த நாள் விடியவே அவள் அவித்த மரவள்ளியும் சம்பலும் கட்டித் தந்தாள். ஒரு பொட்டலம் எனக்கு, ஒன்று அந்தப் பிள்ளைக்கு. அதோடு என் மனதில் இருந்த பாரம் பாதி குறைந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு ஊர் நாவற்குடா. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். தாய் வீட்டில் மெசின் தைத்துத்தான் அவளைப் படிப்பித்தவர். வேலை செய்யும்போது அவளுக்குத் தனக்குத்தானே கதைக்கிற பழக்கம். நான் வந்த பிறகு அந்தக் கதையை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அண்ணன், இப்ப நான் என்ன செய்யிறன் எண்டா…” என்று தொடங்குவாள். நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் போதும். எனக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஆரும் கதைத்ததில்லை.

அவள் வேலை செய்த பொருளுக்கு நீண்ட பெயர் ஒன்று இருக்கிறது. மொலிப்டினம் இருசல்பைட்டு. இன்றைக்கும் அதை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வராது. ஆனால் பொருளைக் கண்டவுடன் இது தெரிந்த சாமான் என்று நினைத்தேன். கொஞ்சக் காலம் தோணி எஞ்சின் திருத்துகிற கராஜ் ஒன்றில் நின்றிருக்கிறேன். அங்கே பூசுகிற கறுப்புக் கிறீஸுக்குள் இருப்பதும் இதுதானாம். அவளிடம் இருந்தது அதன் பளிங்கு. நகத்தளவு, கறுப்பு, ஒரு பக்கம் திருப்பினால் மினுமினுக்கும். முட்டைக்கோவா இலை மாதிரிப் படலம் படலமாக இருப்பதால்தான் அது வழுக்குகிறது என்று அவள் சொன்னாள். கிறீஸ் ஏன் வழுக்குகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நீலநிற ஒட்டுநாடாவில் அந்தப் பளிங்கை ஒட்டி, மடித்து, பிரித்து, திரும்ப மடித்து, திரும்பப் பிரித்துக்கொண்டே இருப்பாள். பிரிக்கப் பிரிக்க அது மெலியும். கடைசியில் அந்த நாடாவைச் சின்னச் சிலிக்கன் சில்லு ஒன்றில் அழுத்தி எடுப்பாள். பிறகு நுணுக்குக்காட்டியில் தேடல். தடித்த துண்டுகள் பளபளவென்று எங்கும் கிடக்கும். அவள் தேடியது அவற்றை அல்ல. ஒரே ஒரு படலம் தனியே பிரிந்து விழுந்திருக்க வேண்டும். அது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு நிழல் மாதிரித்தான் தெரியுமாம்.

“தடிச்ச துண்டுக்கு நீல லேசர் அடிச்சா அது சும்மா இருட்டாக் கிடக்கும், அண்ணன். ஒத்தைப் படலமாப் பிரிஞ்சிட்டா மட்டும் சிவப்பா ஒரு வெளிச்சம் தரும்.”

“ஏன்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். “பல படலம் சேந்திருந்தா, நாம குடுக்கிற சக்தி உள்ளுக்கயே சூடாப் போயிரும். ஒத்தையா வந்தா அது மாறுது. வாங்கினதை வெளிச்சமாத் திருப்பித் தரும்.”

அன்று பின்னேரம் சைக்கிளில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு. கருவி அதை வாங்கி நிறம் நிறமாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு என்று கணினியில் ஒரு கோடாகக் கீறும். அதற்கு நிறமாலை என்று பெயர். சிவப்புப் பக்கத்தில், குறித்த இடத்தில், கோடு குன்று மாதிரி எழும்ப வேண்டும். அந்தக் குன்று வந்தால்தான் அவள் ஒற்றைப் படலம் பிரித்தது உண்மை என்று ஆகும்.

நான் வருவதற்கு முன்பிருந்தே, ஒரு வருடத்துக்கு மேலாக அது வரவில்லை. முதலில் கருவியின் பாகங்களைப் பூட்டி முடியவில்லை, பிறகு படலம் மெலியவில்லை. சேருக்கும் பொறுமை முடிந்துகொண்டு வந்தது. ஒரு நாள் கதவைத் திறந்து நின்றபடியே சொன்னார்.

“புள்ள, இந்தத் தலைப்பை வச்சிருக்கிறதா விடுறதா எண்டு இந்த மாசம் கமிட்டி கூடித் தீர்மானிக்கப் போகுது. குன்று இருந்தா நான் கதைப்பன். இல்லாட்டி நீ கம்பியூட்டரில கணக்குச் செய்யிற தலைப்புக்கு மாறு.”

“மாறினா இந்த மெசின், சேர்?”

“துணி போட்டு மூடி வைக்க வேண்டியதுதான்.”

அவர் போன பிறகு அவள் கருவியின் ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கருவியில் பாதி அவள் கையாலே பூட்டினது.

அந்தக் கிழமைதான் அதிசயமாக ஒற்றைப் படலம் ஒன்று அகப்பட்டது. நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுச் சேரே “ஓம், இதுதான்” என்றார். சந்தோசமாக லேசரை அடித்துப் பார்த்தால், கணினியில் குன்று இல்லை; பெரிய வயிறு மாதிரி ஒரு வீக்கம், மஞ்சள் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கம் வரைக்கும். அதற்குள் சின்னக் குன்று ஒன்று இருந்தாலும் தெரியாது.

வெளியிலிருந்து வெளிச்சம் வருகிறது என்று நினைத்து யன்னல் இடுக்கெல்லாம் கறுப்புச் சீலை அடைத்தேன். கச்சான் காற்றில் வந்த புழுதி என்று நினைத்து நிலத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அவள் புதுச் சில்லு எடுத்துக் கழுவினாள், வடிகட்டிக் கண்ணாடியை மாற்றினாள். வீக்கம் போகவில்லை. சேர் வந்து பார்த்தார்.

“இது உன்ட படலத்திட வெளிச்சம் இல்ல. ஏதோ ஊத்தைட வெளிச்சம்.”

“என்ன ஊத்தை, சேர்?”

“தெரிஞ்சா நான் ஏன் இஞ்ச நிக்கிறன்?”

மறுநாள் காலையில்தான் விசயம் வெளிவந்தது. இருவரும் செம்மஞ்சள் நிறக் கண்ணாடி போட்டிருந்தோம். லேசரின் நீலத்தை அது மறைக்கும், மற்ற வெளிச்சத்தைக் காட்டும். சில்லு வைத்த தட்டைச் சரிக்கட்ட அவள் கையை நீட்டினாள். அப்போது அவள் மணிக்கட்டில் தணல் மாதிரி ஒரு கோடு எரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்தாள். மெல்லத் திரும்ப நீட்டினாள். திரும்பவும் எரிந்தது.

“அண்ணன், பாத்தீங்களா?”

“ஓம்.”

“அம்மாட காப்பு.”

கண்ணகி அம்மனுக்கு வருடத்துக்கு ஒருமுறை கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கின நாள், அவளுடைய தாய் கோயிலிலிருந்து மஞ்சள் தோய்த்த நூல் கொண்டுவந்து மகளின் கையில் கட்டியிருந்தார். இந்த ஆராய்ச்சி சரிவர வேண்டும் என்று நேர்த்திக்கடன். சடங்கு முடிகிற குளுர்த்தி நாளில்தான் அதை அவிழ்க்க வேண்டும். கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடும். நூல் அதற்கு மேலே. ஒட்டுநாடாவைப் பிரிக்கும்போதெல்லாம் மஞ்சள் அதில் பட்டுச் சில்லுக்குப் போயிருக்கிறது.

அவள் அவசரப்படவில்லை. சுத்தமான சில்லு ஒன்றை எடுத்து, நூலால் ஒருக்கால் தடவி, லேசருக்குக் கீழே வைத்தாள். அதே வயிறு, அதே இடத்தில்.

சேரைக் கூப்பிட்டதும் வந்தார். பார்த்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“அப்ப இத்தனை நாளும் நாம அம்மாளாச்சியைத்தான் அளந்திருக்கம். கத்தரிக்கோல் எங்க?”

அவள் மற்றக் கையால் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டாள். “குளுர்த்தி வரைக்கும் கழட்டேலாது, சேர்.”

“கமிட்டி குளுர்த்திக்கு முதல் நாள்.”

“தெரியும், சேர்.”

“மறுகா என்ன செய்யப்போறாய்?”

அவள் நிலத்தைப் பார்த்தாள். சேர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

நானும் நிலத்தைப் பார்த்தேன்.

“நல்லாச் சொன்னீங்க,” என்று விட்டு அவர் போய்விட்டார்.

நூலுக்கு மேல் பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தாள். நீளக் கையுறை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கச்சான் காலத்து வெக்கை. வியர்வையில் மஞ்சள் கரைந்து எப்படியோ வெளியே வந்தது. வீக்கம் சின்னதானது, போகவில்லை. நகத்தளவு இருந்த பளிங்கு இதற்குள் எள்ளளவாகத் தேய்ந்திருந்தது. அது முடிந்தால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கமிட்டிக்கு முன்பு அது வரப்போவதில்லை.

கடைசியில் அவள் விறாந்தையில் நின்று தாய்க்குப் போன் எடுத்தாள். கையில் பிளாஸ்திரி இருந்ததால் சத்தத்தைக் கூட்டி மதிலில் வைத்துவிட்டுக் கதைத்தாள். அந்தப் பக்கம் தையல் மெசின் ஓடுவது எனக்கும் கேட்டது.

“கழட்டவோ? உனக்கென்ன விசரா?”

“மஞ்சள்தான்மா பிரச்சினை.”

“மஞ்சள் என்னத்துக்கு உன்ட மெசினோட கொழுவுது?”

“அது மின்னுது.”

“மின்னினா நல்லந்தானே. நீ வெளிச்சம் தேடித்தானே ஒரு வருசமா அலையிறாய்?”

“இது வேற வெளிச்சம்மா. இது கூடிப்போய், என்ட வெளிச்சத்தை மறைக்குது. இதை வச்சிருந்தா கமிட்டி என்ட தலைப்பை எடுத்துப்போடும்.”

தையல் மெசின் நின்றது. பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் காட்டவில்லை.

“உன்னோட அறைக்குள்ள ஒருத்தர் இருக்கிறாரெண்டு சொன்னாயே. மரவள்ளி தாறவர்.”

“அண்ணனோ? இஞ்சதான் நிக்கிறார். நீங்க கதைக்கிறது கேக்கும்.”

“கேக்கட்டும். அவருக்கு என்ட வயசு வரும் போல, அண்ணனாம். அவர் மீன் மச்சம் சாப்பிடாம இருப்பாரோ கேள்.”

அவள் என்னைப் பார்த்தாள். காப்புக் கட்டினவர்கள் மச்சம் தொடுவதில்லை; அந்த அம்மா என்ன நினைக்கிறார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கிட்டப்போய், போனைப் பார்த்து, “இருப்பன், அக்கா” என்றேன். முன்பின் காணாத ஒரு பெண்ணோடு நானாகக் கதைத்தது அன்றைக்குத்தான்.

“அப்ப தம்பிட கையில கட்டிவிடு. அம்மாளாச்சிக்கு அது ஆர்ட நேர்த்தி எண்டு தெரியும். தம்பி, குளுர்த்திக்கு வாங்க. நானே அவிட்டுக்கொள்றன்.”

இது எந்தக் கோயிலிலும் உள்ள முறை அல்ல. அந்த அம்மா மெசினை நிறுத்தி வைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் யோசித்துச் சொன்னது. ஊர் எத்தனையோ கதைக்கும். தன் குமர்ப்பிள்ளையோடு இருட்டறையில் இருக்கிற ஒரு மனிசன், தான் முகம்கூடக் காணாதவன். அவன் கையில் தன் நேர்த்தியை நம்பிக் கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்து வரும்.

வேப்ப மரத்துக்குக் கீழே நின்று அவள் முடிச்சை அவிழ்த்து என் வலது கையில் கட்டினாள். பிறகு முழங்கைவரை சவர்க்காரம் போட்டு, தோல் சிவக்கும்வரை கழுவினாள்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாவி இறால் சமைத்து வைத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

“ஆர் கட்டின?”

நடந்ததைச் சொன்னேன். அவள் இறால் சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். “இறால் விக்கிற விலைக்கு,” என்றாள். “அந்தப் புள்ளைக்கு மட்டும் சரிவராட்டி, நான் நாவற்குடாவுக்கு வந்து உங்கட அம்மாளாச்சியோடயே கதைப்பன்.” பிறகு அடுப்பில் திரும்பப் பருப்புக்கு உலை வைத்தாள்.

கமிட்டிக்கு முதல் நாள் அந்தப் பிள்ளை தலைமுடியை இறுக்கிக் கட்டி, புதிதாகத் தோய்த்த உடுப்போடு வந்தாள். கறியிலும் மஞ்சள் இருக்கும், தொடக்கூடாது என்று காலையில் பாண் துண்டும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டாளாம். புது ஒட்டுநாடா உடைத்தாள். உள்ளே வந்தவுடன் என் கதிரையைத் தூக்கிக் கதவோடு ஒட்டி வைத்தாள்.

“கோவிக்காதீங்க, அண்ணன். இப்ப ஊத்தை நீங்கதான்.”

நான் சிரித்துவிட்டேன். அந்த அறைக்குள் சத்தம் வரச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளும் சிரித்தாள்.

பிறகு வேலை தொடங்கியது. நான் கையை மடிக்குள் பொத்திக்கொண்டு இருந்தேன். எள்ளளவு பளிங்கை அவள் நாடாவில் வைத்து மடித்தாள், பிரித்தாள். சில்லில் அழுத்தினாள். நுணுக்குக்காட்டியில் தேடினாள். தேடும்போது வழக்கம்போலக் கதைத்தாள்: “இது தடிப்பு… இதுவும் தடிப்பு… இது குப்பை…” பிறகு கதை நின்றது. ஒரு துண்டு அகப்பட்டிருக்கிறது என்று விளங்கியது. விளக்கை அணைத்தாள். லேசரை ஏற்றினாள். கருவி அந்த மெல்லிய வெளிச்சத்தைச் சேர்த்து எடுக்கும்வரை பார்த்திருக்க வேண்டும்.

திரை எனக்கு முதுகு காட்டி நின்றது. அதன் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீக்கம்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். நூலை என் கைக்கு மாற்றியும் சரிவரவில்லையே, இனி அந்த அம்மாவுக்கு என்ன முகத்தோடு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மனது ஓடியது.

அவள் எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே திரையின் இரண்டு பக்கமும் பிடித்து, மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

கோடு தட்டையாக வந்தது. சிவப்புப் பக்கத்தில் செங்குத்தாக எழும்பி, ஒரு குன்றாகி, அங்கால இறங்கித் திரும்பத் தட்டையானது. வீக்கம் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து இலக்கங்களை என்னால் வாசிக்க முடியவில்லை, தேவையும் இருக்கவில்லை.

“தெரியுதா, அண்ணன்?”

“தெரியுது.”

அவள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. துடைத்தால் கை அழுக்காகும். படலம் இல்லாத இடத்தில் லேசரை வைத்துப் பார்த்தாள்; வெறும் தட்டைக் கோடு. தடித்த துண்டில் வைத்தாள், இருட்டு. திரும்ப ஒற்றைப் படலத்துக்கு வந்தாள்; அதே குன்று. ஒவ்வொரு முறையும் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். நான் எழும்பிக் கிட்டப் போகக்கூடாது என்பதால் எனக்காக அதைச் செய்தாள். கடைசியில்தான் வெளியே போய்ச் சேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கமிட்டிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாம் இங்கிலிஷ். சேர் வெளியே வரும்போது என் தோளில் கை வைத்து, “தொடரச் சொல்லியாச்சு” என்றார். என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “மெசினுக்குக் கிட்டப் போயிராதீங்க” என்றும் சொன்னார்.

குளுர்த்திக்கு மனைவியும் வருவேன் என்று நின்றாள். இரண்டு பேருமாக நாவற்குடாவுக்குப் போனோம். கோயில் வீதி முழுக்கச் சனம். அந்தப் பிள்ளை எங்களைக் கண்டு தாயிடம் கூட்டிப்போனாள். சின்ன உருவம், ஊசி குத்திக் குத்தித் தழும்பேறின விரல்கள். என் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்து, நூலைக் கண்ணில் ஒற்றி, மடிக்குள் செருகினார்.

“மச்சம் தொடல்லையே, தம்பி?”

“இறாலைச் சட்டியோட குடுத்துப்போட்டன்,” என்றாள் என் மனைவி. “கேளுங்க, அக்கா, எவ்வளவு இறால் எண்டு.” இரண்டு பேரும் மணலில் குந்திச் சிரித்துக் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு வேலை முடிந்தது என்று ஒதுங்கப் பார்த்தேன். அந்த அம்மா விடவில்லை.

“தம்பி, அந்த வெளிச்சத்தை நீங்களும் கண்டதாமே. இவள் சொன்னா எனக்கு விளங்காது. சொல்லத் தொடங்கினா இங்கிலிஷுக்குப் போயிருவாள். அது எப்பிடி இருந்த?”

சுற்றிவரப் பெண்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளையும் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்க என்கிற மாதிரி அவள் தலையை ஆட்டினாள்.

சொல்லத் தொடங்கினேன். கோவா இலை மாதிரிப் படலம் படலமாக இருக்கிற கறுப்புச் சாமான் என்றேன். சேர்ந்திருக்கும்வரை அது இருட்டு என்றேன். அவள் அதை மடித்துப் பிரிக்கிற விதத்தைக் கையால் காட்டினேன். ஒரு படலம் தனியே வந்தால், நாம் கொடுப்பதை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருகிறது என்றேன். மஞ்சள் கூடுதலாக மின்னுகிற சாமான். அது பக்கத்தில் நின்றால் இந்தச் சின்ன வெளிச்சத்தை ஆரும் காண ஏலாது, அதனால்தான் உங்கட நூலை நான் கதவடியில் வைத்துக்கொண்டு இருந்தேன் என்றேன். குன்று எழும்பினதைச் சொன்னேன். அவள் கண்ணைக்கூடத் துடைக்காமல் வேலை செய்ததையும் சொன்னேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை, “அண்ணன்” என்று இழுத்தாள்.

அப்போதுதான் மற்றப் பெண்களும் கதையை விட்டுவிட்டு என்னைக் கேட்டுக்கொண்டு இருப்பது தெரிந்தது. பழைய கூச்சம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, மணலில் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருந்தார்.

“சொல்லுங்க, தம்பி,” என்றார். “கேக்கிறம்.”